ஒல்லியாக இருந்தும் ஃபேட்டி லிவர் ஏன் வருகிறது?

குடிப்பழக்கம் கிடையாது, ஆள் ஒல்லி, ஆனாலும் ஸ்கேனில் ஃபேட்டி லிவர். இப்படி ரிப்போர்ட் வருகிற பலரிடம் பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவின் மாறிய வடிவம் இருக்கும். 2008-இல் அமெரிக்காவின் டல்லாஸில் நடந்த மக்கள் ஆய்வில்தான் இது பிடிபட்டது. இந்த மரபணு உருவாக்கும் புரதத்தில் 148-ஆவது இடத்தில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். மாறிய வடிவத்தில் அங்கே மெத்தியோனின் என்ற வேறு அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கும். மாற்றம் அவ்வளவுதான்.

இந்த ஒரு மாற்றத்துக்கு எப்படி இவ்வளவு கொழுப்பு சேருகிறது? கல்லீரல் செல்லுக்குள் கொழுப்பு சின்னச் சின்னத் துளிகளாகக் கிடக்கும். அதை வெட்டிக் கரைப்பது ஏடிஜிஎல் என்ற நொதி. சிஜிஐ-58 என்ற துணைப் புரதம் கூட இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். சாதாரண பிஎன்பிஎல்ஏ3 புரதத்தைச் செல் வேலை முடிந்ததும் அடையாளம் போட்டு அழித்துவிடும். மாறிய புரதம் அதில் தப்பித்து, கொழுப்புத் துளியின் மேலேயே அட்டைபோல் ஒட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டே போகிறது. போதாததற்கு அந்தத் துணைப் புரதத்தையும் தன் பக்கம் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெட்டுகிறவன் இருக்கிறான், கைக்கு ஆள் இல்லை.

நம் சாப்பாட்டுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. மாவுச்சத்து சாப்பிட்டு இன்சுலின் ஏறும்போது இந்த மரபணு முடுக்கிவிடப்படுகிறது. தட்டு நிறைய சோறு, நடுவில் இரண்டு ஸ்பூன் பொரியல் என்று சாப்பிட்டால் கெட்ட புரதம் இன்னும் அதிகமாக உற்பத்தியாகும். நல்ல செய்தியும் இதே வழியில்தான் வருகிறது. 18 பேரை வைத்து நடந்த ஒரு சிறிய ஆய்வில் மாவுச்சத்தையும் கலோரியையும் 6 நாள் குறைத்தார்கள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் மாறிய பிரதியே வந்தவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு 45 சதவீதம் குறைந்தது, இல்லாதவர்களுக்கு 18 சதவீதம்தான்.

டிஎம்6எஸ்எஃப்2 என்ற இன்னொரு மரபணு வேறு ரகம். அதன் மாறிய வடிவம் கொழுப்பைக் கல்லீரலிலிருந்து ரத்தத்துக்கு அனுப்புவதைத் தடுக்கிறது. அதனால் லிப்பிட் ரிப்போர்ட் அழகாக இருக்கும், கொழுப்பு உள்ளேயே தங்கும். "கொலஸ்ட்ரால் நார்மல், அப்புறம் என்ன" என்று விட்டுவிடுவது இங்கேதான் தப்பாகப் போகிறது. எச்எஸ்டி17பி13 என்ற மரபணுவில் வருகிற ஒரு மாற்றமோ கல்லீரலைப் பாதுகாக்கிறது.

ஏபிஓசி3 என்ற மரபணுவின் கதையையும் சொல்ல வேண்டும். 2010-இல் இந்திய வம்சாவளி ஆண்கள் 95 பேரிடம் நடந்த ஆய்வு அந்த மரபணுவைக் குற்றவாளியாகக் காட்டியது. பிறகு மற்ற மக்களிடம் நடந்த பெரிய ஆய்வுகளில் அது நிற்கவில்லை. எச்சில் மாதிரி எடுத்து 'லிவர் ரிஸ்க்' என்று ரிப்போர்ட் தரும் பேக்கேஜ்களுக்குக் காசு கட்டும் முன் இதை நினைவில் வையுங்கள். என் கருத்தில், பெரும்பாலானவர்களுக்கு ஜீன் டெஸ்ட் இப்போது தேவையில்லை. முடிவு எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை.

அந்தக் காசுக்குச் சாதாரண ரத்தப் பரிசோதனை எடுத்து ஃபிப்-4 கணக்குப் போடலாம். ஸ்கேனில் வருகிற கிரேடு கொழுப்பின் அளவைத்தான் சொல்லும், கல்லீரலில் விழுந்த தழும்பைச் சொல்லாது. ஃபிப்-4 அந்தத் தழும்பைத் தேடும் கணக்கு. ரத்த ரிப்போர்ட்டில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்று இரண்டு கல்லீரல் நொதிகளின் அளவு இருக்கும். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலில் வந்ததை இரண்டாவதால் வகுங்கள். 52 வயது, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 1.8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மேலே 2496, கீழே 180 × 8 = 1440, விடை 1.73. பலர் சறுக்குவது பிளேட்லெட்டில்தான்: 1.8 லட்சத்தை 180 என்று போட வேண்டும், 1.8 என்று போட்டால் விடை நூறு மடங்காகிவிடும்.

1.3-க்குக் கீழே என்றால் தழும்பு வாய்ப்பு குறைவு, 2.67-க்கு மேல் என்றால் கல்லீரல் மருத்துவரிடம் போக வேண்டும். மேலே சொன்னவர் நடுவில் இருக்கிறார், அடுத்து கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். 65 தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லை 2.0. 35 வயதுக்குள் இந்தக் கணக்கை நம்ப முடியாது. எஸ்ஜிபிடி நார்மல் என்பதாலேயே கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

எடை கூடியவர்கள் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் வீக்கமும் தழும்பும் இறங்க வாய்ப்புண்டு. ஒல்லியானவர்களுக்கு 3 முதல் 5 சதவீதமே பலன் தரும், 60 கிலோ ஆளுக்கு 2 முதல் 3 கிலோ. மாறிய பிஎன்பிஎல்ஏ3 மதுவால் வரும் சிரோசிஸுக்கும் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நிலை) வழி திறந்துவிடுகிறது, ஆகவே ஃபேட்டி லிவர் உள்ளவருக்கு "வாரக் கடைசியில் மட்டும்" என்கிற சலுகையும் வேண்டாம். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் யாருக்காவது குடிக்காமலேயே சிரோசிஸ் வந்திருந்தால், வயிறு வலிக்கட்டும் என்று காத்திருக்காமல் வீட்டில் உள்ள எல்லோருக்கும் இந்தப் பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள்.