கண்ட்ரோல் லேபுக்கு நாங்களே செய்துகொண்ட கருவிகள்

எங்கள் கல்லூரியில் கண்ட்ரோல் லேப் (மோட்டார், ஹீட்டர் போன்றவற்றைத் தானாகக் கட்டுப்படுத்தக் கற்கும் இடம்) என்றால் நடைமுறையில் அது கம்ப்யூட்டர் லேப்தான். இறக்குமதியான தலைகீழ் ஊசல் (விழாமல் நிமிர்த்தி நிறுத்த வேண்டிய தண்டு) ஒன்று இருந்தது. மென்பொருள் உரிமம் முடிந்ததும் கண்ணாடி பீரோவுக்குள் போய்விட்டது. ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் துடைத்து மேஜையில் வைப்போம். மாணவர்கள் பிஐடி (இலக்கிலிருந்து உள்ள பிழையை, அது சேர்ந்த தொகையை, அது மாறும் வேகத்தைப் பார்த்துக் கட்டுப்படுத்தும் முறை) கற்றதெல்லாம் சிமுலேஷனில். அங்கே 12 வோல்ட் மோட்டாருக்கு 300 வோல்ட் கொடுத்தாலும் மறுபேச்சில்லாமல் ஓடும். வைவாவில் செட்லிங் டைம் (ஆட்டம் அடங்கி நிலைக்கு வரும் நேரம்) சூத்திரம் கடகடவென்று வரும். சின்ன வோல்டேஜுக்கு மோட்டார் ஏன் அசையவில்லை என்று கேட்டால் அமைதி.

சரி, நாமே செய்வோம் என்று இறங்கினோம். இண்டென்ட்டில் (கொள்முதல் கோரிக்கையில்) ‘உபகரணம்’ என்று எழுதினால் மூன்று கொட்டேஷன், பர்ச்சேஸ் கமிட்டி, அடுத்த நிதியாண்டு என்று இழுக்கும். ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ தலைப்பில் உதிரிபாகங்களாகக் கேட்டால் எங்கள் ஊரில் துறைத்தலைவர் கையெழுத்தோடு வேலை முடியும். சாமான்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்தன. ஊசலின் தண்டையும் கையையும் லேத் பட்டறையில் கடைந்து வாங்கினோம்.

ஆரம்பிக்க ஹீட்டர்தான் நல்லது. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் உருவான டிசிலேப் என்ற சின்ன போர்டு பல நாடுகளின் வகுப்புகளில் ஓடுகிறது: ஆர்டுவினோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டு மேல் ஹீட்டராக இரண்டு டிரான்சிஸ்டர்கள், ஒட்டியே இரண்டு வெப்பநிலை சென்சர்கள். அதற்கும் முன்பே ஐஐடி பம்பாயில் சிங்கிள் போர்டு ஹீட்டர் சிஸ்டம் என்று ஒன்றைச் செய்து, மாணவர்கள் இணையம் வழியாகத் தொலைவிலிருந்தே இயக்கும்படி வைத்தார்கள். அதில் ஹீட்டரோடு ஒரு குட்டி விசிறியும் உண்டு. நாங்கள் முதல் வகையைப் பார்த்து, டிஐபி31சி டிரான்சிஸ்டரும் டிஎம்பி36 சென்சரும் வைத்துச் செய்தோம். அந்த சென்சர் டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். 5 வோல்ட் ரெஃபரன்ஸில் 10 பிட் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி) படிக்கும்போது ஒரு படி கிட்டத்தட்ட அரை டிகிரி. டெரிவேட்டிவ் டெர்ம் (பிஐடியில் மாறும் வேகத்தைப் பார்க்கும் பகுதி) சேர்த்தவுடன் அவுட்புட் ஏன் குதிக்கிறது என்பதை அந்தப் படிக்கட்டு கிராஃபே சொல்லிவிடும்.

எதிர்பாராமல் வந்த பாடம் சீலிங் ஃபேன். ஃபேனுக்கு நேர் கீழே இருந்த மேஜையின் ஸ்டெப் ரெஸ்பான்ஸும் (ஹீட்டரைத் திடீரென்று கூட்டினால் வெப்பநிலை ஏறும் விதம்) ஓர மேஜையின் ரெஸ்பான்ஸும் ஒத்துப்போகவில்லை. காற்று பட்டால் வெப்பம் சீக்கிரம் வெளியேறும். கெயினும் (அதே மின்சாரத்துக்கு ஏறும் டிகிரி) குறையும், டைம் கான்ஸ்டன்டும் (நிலைக்கு வரும் நேரத்தின் அளவு) குறையும். “சார், ஃபேனை நிறுத்திடட்டுமா?” என்றான் ஒருவன். வேண்டாம்ப்பா, அது ஓடும்போதே இலக்கு வெப்பநிலையான செட்பாயின்ட்டைப் பிடி என்றேன். பிளாக் டயகிராமில் ஒரு அம்புக்குறியாக மட்டும் இருந்த டிஸ்டர்பன்ஸ் அன்றைக்கு ரெகுலேட்டர் குமிழாக அவர்கள் கைக்கு வந்தது. 1942இல் ஸீக்லரும் நிக்கல்ஸும் கொடுத்த பிஐடி விதிகளில் ட்யூன் செய்தால் ஓவர்ஷூட் தாராளமாக வரும். ஹீட்டரால் சூடேற்ற முடியும், குளிர்விக்க முடியாது. அதனால் தாண்டிப் போன வெப்பநிலை தானாக இறங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இன்டெக்ரல் வைண்டப் (பிழையின் தொகை அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடுவது) என்ன என்று இதைவிடத் தெளிவாக என்னால் போர்டில் எழுதிக் காட்ட முடிந்ததில்லை.

அடுத்தது மோட்டார். மோட்டாருக்கு மின்சாரம் தரும் எல்298என் டிரைவர் மலிவு, ஆனால் சுமார் 2 வோல்ட்டை அதுவே சாப்பிட்டுவிடும். அதோடு உராய்வும் சேர, பூஜ்யத்துக்கு இருபுறமும் மோட்டார் அசையாத ஒரு பகுதி வந்துவிடுகிறது. பிஐ போட்டால் இலக்கை எட்டாமல் இங்கும் அங்கும் வேட்டையாடிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு தொல்லை, போர்டு அனுப்பும் எண்களைக் கம்ப்யூட்டரில் காட்டும் சீரியல் மானிட்டர். 9600 பாட் வேகத்தில் வினாடிக்கு 960 எழுத்துகள்தான் போகும். 24 எழுத்துள்ள ஒரு வரிக்கு 25 மில்லிசெகண்ட். கண்ட்ரோல் லூப்போ 5 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஓட வேண்டும். பஃபர் நிறைந்ததும் ப்ரோக்ராம் அங்கேயே நின்றுவிட, மோட்டார் நடுங்கும். பழி கேபி (பிழையைப் பெருக்கும் கெயின்) மேல் விழும். வேகத்தை 115200 ஆக்கி, பத்து சாம்பிளுக்கு ஒருமுறை மட்டும் அச்சிட வைத்து, லூப்பை டைமர் இன்டரப்ட்டுக்கு (மற்ற வேலையை இடைநிறுத்திக் குறித்த நேரத்தில் ஓடும் முறைக்கு) மாற்றியதும் அதே கேபி ஒழுங்காக வேலை செய்தது.

ஊசல்தான் உண்மையான வேலை வாங்கியது. கிடைமட்டமாகச் சுழலும் கையின் நுனியில் தொங்கும் இந்த வகையை ஃபுருட்டா ஊசல் என்பார்கள். டோக்கியோவில் கட்சுஹிஸா ஃபுருட்டாவின் குழு 1992இல் கொண்டுவந்தது. கோணத்தை எண்ணும் 600 பல்ஸ் என்கோடரை நாலு மடங்காக எண்ணினால் சுற்றுக்கு 2400, அதாவது எண்ணுக்கு 0.15 டிகிரி. நல்ல துல்லியம்தானே என்று தோன்றும். 5 மில்லிசெகண்டில் ஒரே ஒரு எண் மாறினாலும் கணக்கிட்ட வேகம் வினாடிக்கு 30 டிகிரி குதிக்கும். ஃபில்டர் போட்டே ஆக வேண்டும்; ரொம்பப் போட்டால் தாமதம் வந்து ஊசல் விழும். ஆர்டுவினோ ஊனோவில் எக்ஸ்டர்னல் இன்டரப்ட் பின்கள் இரண்டுதான். இரண்டு என்கோடருக்குப் போதாது. டைமரிலேயே என்கோடர் மோட் உள்ள எஸ்டிஎம்32 போர்டுக்கு மாறினோம்.

அதன் பிறகும் உச்சியில் ஊசல் நடுங்கியது. காரணம் கியர் மோட்டாரின் பல்லிடை ஆட்டம். கட்டளை திசை மாறும்போதெல்லாம் பற்கள் அந்த இடைவெளியைக் கடக்கும் நேரத்துக்குக் கை அசைவதில்லை. அதற்குள் ஊசல் சாய்ந்துவிடுகிறது. எல்க்யூஆர் (பிழைக்கும் மோட்டாரின் முயற்சிக்கும் எடை கொடுத்து உகந்த கெயின் எடுக்கும் முறை) எடைகளை எவ்வளவு மாற்றினாலும் இது போகாது. கியரைக் கழற்றிவிட்டு, த்ரீடி பிரின்டர்களில் வரும் ஜிடி2 பெல்ட்டைப் போட்டோம். தொங்கும் நிலையில் ஊசலை ஆடவிட்டு அலைவு நேரம் அளந்து, மாடலைச் சரிபார்த்து, பைத்தானின் கண்ட்ரோல் நூலகத்தில் கெயின் எடுத்தோம். ஆற்றலைக் கணக்கிட்டு வீசி ஏற்றுவது, 20 டிகிரிக்குள் வந்ததும் எல்க்யூஆருக்கு மாறுவது. நின்றது. பக்கத்து லேபிலிருந்தும் ஆள் வந்து விரலால் தட்டிப் பார்த்தார்கள்.

எம்.இ. மாணவர் ஒருவர் இப்போது அதே ஊசலில் உராய்வை ஈடுகட்டும் முறைகளை ஒப்பிட்டுத் தீசிஸ் எழுதுகிறார். ஹீட்டர் மேஜைக்கு ஒன்று, ஊசல் வகுப்புக்கு ஒன்று என்றுதான் வைத்திருக்கிறோம். நீங்களும் செய்வதாக இருந்தால் டிரைவர் போர்டையும் பெல்ட்டையும் உபரியாக வாங்கி வையுங்கள். செமஸ்டர் நடுவில் போனால், மறுபடி இண்டென்ட் போட்டு வருவதற்குள் மாடல் எக்ஸாம் வந்துவிடும்.