ஐடா லுபினோவும் என் 26 நிமிடங்களும்

1995 ஆகஸ்ட். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு அடுக்களை மேசையில், மறுவாரம் எடுக்கவிருந்த தொலைக்காட்சி நாடகத்தின் தாள்களைப் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் செய்தித்தாள். உள்பக்கத்து மூலையில் நாலைந்து வரி: நடிகை ஐடா லுபினோ லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார், வயது 77. கடைசி வரியில், படங்களில் வாய்ப்புக் குறைந்த பிறகு தொலைக்காட்சிக்குப் போய்விட்டார் என்றிருந்தது.

அந்தப் 'போய்விட்டார்' எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் உறுத்துகிறது.

பெயர் எனக்குத் தெரிந்த பெயர்தான். டர்பன் நகராட்சித் தொழிலாளர்களின் குடியிருப்பான மேகஸின் பேரக்ஸில் நாங்கள் குடியிருந்தபோது, ஆயா என்னை கிரே தெருப் பக்கம் பயாஸ்கோப்புக்குக் கூட்டிக்கொண்டு போகும். தமிழ்ப்படம் ஓடினால் தமிழ்ப்படம், இல்லையென்றால் எது ஓடுகிறதோ அது. ஆயாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் லுபினோ பேசியதைக் கேட்டுவிட்டு என் காதில் சொன்னது: "இந்தப் பொண்ணு கண்ணுல தண்ணி இல்லாமயே அழுவுது பாரு." பிறகு எங்கள் வரிசை வீடுகளை இடித்தார்கள், சாட்ஸ்வொர்த்துக்கு வந்தோம். எங்களை இடம்பெயர்த்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைப் பற்றி இங்கே எழுத ஆரம்பித்தால் லுபினோவுக்கு இடமிருக்காது.

லுபினோ லண்டன்காரர், 1918 இல் பிறந்தவர். தலைமுறை தலைமுறையாக மேடையிலேயே பிழைத்த குடும்பம். 1930களின் நடுவில் ஹாலிவுட்டில் இருந்தபோது போலியோ வந்து மீண்டார். வார்னர் படநிறுவனத்தில் நட்சத்திரமானார். கொடுத்த வேடம் பிடிக்காவிட்டால் மாட்டேன் என்பார். உடனே சம்பளமில்லாமல் நிறுத்தி வைப்பார்கள். அந்த நாட்களில் வீட்டில் முடங்கவில்லை. கேமரா எங்கே வைக்கிறார்கள், வெட்டி ஒட்டுவது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தார். 1949 இல் அவரே தயாரித்து, எழுத்திலும் பங்குகொண்ட 'நாட் வாண்டட்' படத்தின் இயக்குநருக்குப் படப்பிடிப்புத் தொடங்கியதுமே மாரடைப்பு. லுபினோ கையில் எடுத்து முடித்தார், தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வருடமே பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணைப் பற்றி ஒரு படம். அமெரிக்கப் படத் தணிக்கையில் அந்தச் சொல்லையே உச்சரிக்க முடியாத காலம் அது. டோரதி ஆர்ஸ்னருக்குப் பிறகு அமெரிக்க இயக்குநர் சங்கத்தில் சேர்ந்த இரண்டாவது பெண் இவர்தான்.

வானொலியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். படங்களில் நட்சத்திரமாக இருந்தபோதே அவர் வானொலி நாடகங்களிலும் பேசிக்கொண்டிருந்தார். 1944 இல் 'சஸ்பென்ஸ்' தொடரில் நடிகர் வின்சென்ட் பிரைஸுடன் 'ஃப்யூக் இன் சி மைனர்' என்று ஒரு அரைமணி நாடகம். வீடு முழுக்க ஆர்கன் இசை ஒலிக்கும் ஒரு பெரிய மாளிகை, அங்கே வந்து சேர்கிற ஒரு பெண். கேட்டுப் பாருங்கள். பயம் ஏற ஏற அவர் கத்துவதில்லை, குரல் சிறுத்துக்கொண்டே போகிறது. ஆயா சொன்னது இதைத்தான்.

எனக்கு இது ஏன் பெரிதாகப் படுகிறது என்றால், நானும் அந்த வழியில் வந்தவள். 1983 இல் டர்பனில் ரேடியோ லோட்டஸ் தொடங்கிய பிறகு தமிழ் நாடகங்களுக்குக் குரல் கொடுக்க ஆரம்பித்தேன். வானொலியில் முகம் உதவாது. தூரத்திலிருந்து பேசுவது போல வேண்டுமென்றால் மைக்கிலிருந்து தலையைத் திருப்ப வேண்டும். ரகசியம் என்றால் உதடு மைக்கைத் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். தாள் புரட்டும் சத்தம் கேட்கக் கூடாது. சுவரில் பெரிய கடிகாரம், நொடிமுள்ளைப் பார்த்தபடியே அழ வேண்டும். ஏழெட்டு வருடம் இப்படிப் பழகியவருக்கு, ஒரு காட்சி நாற்பது நொடியா ஐம்பது நொடியா என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

தொலைக்காட்சிக்கு வேண்டியது அதுதான். லுபினோ 1956 முதல் தொலைக்காட்சியில் இயக்கினார். 'ஹேவ் கன் வில் டிராவல்' போன்ற குதிரை துப்பாக்கிக் கதை, 'த்ரில்லர்' தொடரில் பேய்க்கதை, 'கில்லிகன்ஸ் ஐலண்ட்' நகைச்சுவை என்று எது வந்தாலும் எடுத்தார். இருப்பது சில நாள், காசு கொஞ்சம், நடிகர்கள் நேற்றுத்தான் அறிமுகமானவர்கள். கேமரா எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொண்டு வருவார். படப்பிடிப்புத் தளத்தில் எல்லாரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய நாற்காலி முதுகில் 'எங்கள் எல்லாருக்கும் தாய்' என்று எழுதியிருந்தது. இதை இறக்கம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அந்த 1995 இல் நான் எடுத்தது 26 நிமிட நாடகம். தனியார் தயாரிப்பு, பெயர் வேண்டாம். பேரப்பிள்ளைகளோடு தமிழ் பேச முடியாமல் போன ஒரு பாட்டியின் கதை. பாட்டியாக நடித்த அக்கா கூத்து பார்த்து வளர்ந்தவர். எங்கள் ஊரில் தெருக்கூத்தை 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்பார்கள். அவருடைய அப்பா கரும்புத் தோட்டங்களில் இரவெல்லாம் திரௌபதி வேஷம் கட்டியவர். அக்காவுக்கு அந்தக் குரல் அப்படியே வந்திருந்தது. ஆனால் கேமராவை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மிரண்டுவிடுவார். கண் கேமராவைத் தேடும், வசனம் மறந்துபோகும்.

மூன்றாவது தடவை தவறியபோது கேமராமேனிடம் சொன்னேன்: "அக்கா அடுப்பங்கரைத் தொட்டியில அரிசி களையட்டும். நீங்க பின்னாடி இருந்து எடுங்க. முதுகு போதும்." பேத்தி வாசலில் நின்று ஆங்கிலத்தில் ஏதோ கேட்பாள், அக்கா திரும்பாமலே தமிழில் பதில் சொல்வார். ஒரே தடவையில் முடிந்தது. விளக்குப் பிடித்த பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

தொகுப்பு அறையில் அந்தக் காட்சியை எடுத்துவிட்டார்கள். முகம் தெரியாமல் யார் பார்ப்பார்கள் என்று தயாரிப்பாளர் கேட்டார். தவறிப்போன முன்முகக் காட்சிகளில் ஒன்றைச் சேர்த்து ஒளிபரப்பினார்கள். நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

பத்து வருடம் கழித்து மருமகன் ஒரு டிவிடி கொண்டுவந்தான். 'ட்விலைட் ஸோன்' என்ற பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். அதில் 'த மாஸ்க்ஸ்' என்ற பகுதி, 1964 மார்ச்சில் ஒளிபரப்பானது, இயக்கம் ஐடா லுபினோ. அந்தத் தொடரின் மூல வரிசையில் இயக்கிய ஒரே பெண் அவர். அதற்கு முன்பு, 1959 இல், அதே தொடரில் நடித்தும் இருக்கிறார். இரண்டையும் செய்தவர் வேறு யாரும் இல்லை.

கதை எளியது. நியூ ஆர்லியன்ஸில் திருவிழா இரவு. சாகக் கிடக்கும் பணக்காரக் கிழவர் மகளையும் மருமகனையும் பேரப்பிள்ளைகளையும் கூப்பிட்டு, நடு இரவு வரை இந்த முகமூடிகளைக் கழற்றாமல் இருந்தால்தான் சொத்து என்கிறார். போட்டுக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு நடிகர்களுக்கு முகமே இல்லை. புலம்புகிறார்கள், கெஞ்சுகிறார்கள், எல்லாம் குரலிலும் தோளிலும் நாற்காலியில் உட்காரும் விதத்திலும்தான். கேமரா அந்த அசையாத முகமூடிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது, உள்ளேயிருந்து குரல் வருகிறது. வெறும் சினிமாவில் மட்டும் வளர்ந்த ஒருவர் இந்த இடத்தில் தடுமாறியிருப்பார் என்றே நினைக்கிறேன். அவருக்கு அது தெரிந்த வேலை. மைக் முன்னால் பல வருடம் செய்ததுதான்.

அன்று இரவு மருமகன் தூங்கிய பிறகு திரும்ப ஒரு தடவை போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒரு இடத்தில்கூடக் கதை விட்டுப்போகவில்லை.

அக்கா 2011 இல் தவறிவிட்டார். நாங்கள் எடுத்த அந்த முதுகுக் காட்சி எங்கேயும் இல்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் ஒத்திகை, படப்பிடிப்பு எல்லாவற்றையும் கேசட்டில் பதிவது வானொலியிலிருந்து வந்த பழக்கம். போன மாதம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது அந்த நாள் கேசட் கிடைத்தது. நாடா கொஞ்சம் இழுக்கிறது. பேத்தி கேட்கிறாள், தொட்டியில் தண்ணீர் விழுகிறது, அரிசியைக் கையால் அலசும் சத்தம் இரண்டு மூன்று சுற்று, பிறகு அக்காவின் குரல்.