கிளம்பியது நானா, மேனேஜரா?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மெயிலில் "ஐ மெட் த மேனேஜர் லீவிங் த ஆஃபீஸ்" என்று எழுதிவிட்டேன். நான் வீட்டுக்குக் கிளம்பும்போது மேனேஜரை வாசலில் பார்த்தேன், விஷயத்தைச் சொல்லிவிட்டேன் என்பதுதான் மனதில் இருந்தது. படித்தவர்களோ மேனேஜர் நேரத்தோடு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் காதுக்கும் போனது, அதை விடுங்கள்.

விட்டுப்போனது ஒரு கமா. அது இல்லாதபோது 'லீவிங்' தனக்கு முன்னால் நிற்கிற பெயரோடு ஒட்டிக்கொள்கிறது, ஆகவே கிளம்பியது மேனேஜர். 'மேனேஜர்' என்பதற்குப் பின்னால் கமா போட்டிருந்தால் அங்கே ஒட்டு விட்டுப்போய், அது வாக்கியத்தின் எழுவாயான 'ஐ'யைத் தேடிப் போயிருக்கும், கிளம்பியது நான் என்று ஆகியிருக்கும்.

பள்ளியில் கமா என்றால் மூச்சு விடுகிற இடம் என்றதோடு சரி. தமிழில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு இது பிடிபட்டது. 'சிரித்துக்கொண்டே பையனைக் கூப்பிட்டேன்' என்றால் சிரித்தது நான், 'சிரித்துக்கொண்டிருந்த பையனைக் கூப்பிட்டேன்' என்றால் சிரித்தது அவன். வினையெச்சம், பெயரெச்சம் என்று நமக்கு இரண்டுக்கும் இரண்டு உருவம், சொல்லின் வாலிலேயே எல்லாம் தெரிந்துவிடும், கமா கூட வேண்டாம். ஆங்கிலத்துக்கு இரண்டுக்கும் அதே ஒரு 'லாஃபிங்'தான். பாவம், நாம் விகுதியை வைத்துச் செய்கிற வேலையை அது கமாவிடம் கொடுத்திருக்கிறது (பேச்சில் என்றால், ஒரு சின்ன நிறுத்தத்திடம்).

இன்னொரு கூத்தும் உண்டு. "த பஸ் ப்ரோக் டவுன், மேக்கிங் அஸ் லேட்." நம்மைத் தாமதமாக்கியது பஸ்ஸா? பஸ் நின்றுபோன அந்தச் சம்பவமே அல்லவா? கமாவுக்குப் பின்னால் வரும் துண்டுக்கு, முன்னால் சொன்ன முழுச் செய்தியும் எழுவாயாக நிற்கலாம்.

துண்டை முன்னால் கொண்டுபோய் "லீவிங் த ஆஃபீஸ், ஐ மெட் த மேனேஜர்" என்று எழுதினால் குழப்பமே இல்லை. ஆனால் கமாவுக்கு அடுத்து சரியான ஆள் நிற்க வேண்டும். ஷேக்ஸ்பியரே கோட்டை விட்ட இடம் இது. ஹேம்லெட்டில் ஆவியாக வரும் அப்பா, "ஸ்லீப்பிங் இன் மை ஆர்ச்சர்ட், எ சர்ப்பென்ட் ஸ்டங் மீ" என்கிறார். இலக்கணப்படி தோட்டத்தில் தூங்கியது பாம்பு! கேட்கிறவர்கள் யாரும் அப்படி நினைப்பதில்லை, அது வேறு.

எனக்கு அந்தச் சலுகை கிடைக்காது. அதனால் மெயிலில் இப்போதெல்லாம் கமாவை நம்பாமல் "ஆஸ் ஐ வாஸ் லீவிங்" என்று நீட்டியே எழுதிவிடுகிறேன்.