அருவியில் விழாத நீர்: ஷராவதியின் கரையில் ஒரு நாள்

மே மாதத்தில் கர்நாடகத்தின் ஷராவதி ஆற்றில் விழும் ஜோக் அருவிக்குப் போகிறேன் என்று சொன்னபோது சிரிக்காதவர்களே இல்லை. சிரித்தவர்கள் சொன்னது சரிதான். ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என்று நான்கு கிளைகளாக விழும் அருவி இது. 253 மீட்டர் உயரப் பாறை முகத்தில் ராஜாவும் ராக்கெட்டும் வெள்ளை நூலாகத் தொங்கிக்கொண்டிருக்க, ராணியும் ரோரரும் விழ வேண்டிய இடங்களில் ஈரக்கறை மட்டுமே இருந்தது. ஆனால் நான் பார்க்க வந்தது அருவியை அல்ல; அருவிக்கு வராமல் போன நீரை.

தீர்த்தஹள்ளிக்கு அருகே அம்புதீர்த்தத்தில் பிறக்கும் ஷராவதி, சுமார் 130 கிலோமீட்டர் மட்டுமே ஓடி ஹொன்னாவரில் அரபிக்கடலைச் சேர்ந்துவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பு கடலுக்கு இவ்வளவு அருகில் செங்குத்தாக இறங்குவதால், பெருமழையும் பெரும் சரிவும் ஒரே ஆற்றுக்கு வாய்த்துவிட்டன. மின்சாரத்துக்கு வேண்டியவையும் அவை இரண்டுமே. அருவியின் அடிவாரத்தில் 1948-இல் தொடங்கிய மின்நிலையம் முதலில் மைசூர் மன்னர் கிருஷ்ணராஜேந்திரரின் பெயரையும் பின்னர் மகாத்மா காந்தியின் பெயரையும் பெற்றது. அதற்கு நீர் தேக்கித் தந்த ஹிரேபாஸ்கரா அணையை, 1964-இல் எழுந்த லிங்கனமக்கி நீர்த்தேக்கம் விழுங்கிவிட்டது. ஓர் அணையே இன்னோர் அணையின் நீருக்குள் கிடக்கிறது. நீர்மட்டம் நன்றாக இறங்கும் கோடைகளில் பழைய சுவர் தலைகாட்டுமாம். அதே நீரில் மூழ்கிய ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் பலருக்குக் குடியேறிய நிலத்தின் உரிமைப் பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை என்பதையும் இங்கே சொல்லாமல் விட முடியாது.

லிங்கனமக்கியில் அணையடியிலேயே 55 மெகாவாட் நிலையம் ஒன்று உண்டு. அதைச் சுழற்றிவிட்டு வெளியேறும் நீர், ஆற்றுப்படுகைக்குத் திரும்பாமல், கால்வாய் வழியே தலகளலே என்னும் சிறிய நீர்த்தேக்கத்துக்குச் சென்று, அங்கிருந்து மலைச்சரிவில் கிடத்தப்பட்ட ராட்சதக் குழாய்களுக்குள் இறங்குகிறது. குழாய்களின் அடியில் உள்ள ஷராவதி மின்நிலையத்துக்குள் செல்ல முன் அனுமதி வேண்டும், என்னிடம் அது இல்லை. எனவே எதிர்ப்புறச் சாலையில் நின்றே அந்தக் குழாய்களைப் பார்த்தேன். அருவியையும் அதற்குக் கீழுள்ள பள்ளத்தாக்கையும் சேர்த்தே தவிர்த்துவிடுவதால், குழாய்க்குள் நீர் இறங்கும் உயரம் 440 மீட்டரை நெருங்குகிறது, அதாவது அருவியைக் காட்டிலும் பெரிய வீழ்ச்சி. அதைத்தான் யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. முனையில் பீய்ச்சும் நீர், விளிம்பில் கிண்ணங்கள் பதித்த பெல்டன் சக்கரங்களில் அறைந்து 10 இயந்திரங்களைச் சுழற்ற, மொத்தத் திறன் 1,035 மெகாவாட். கர்நாடகத்தின் வீடுகளில் நெடுங்காலம் விளக்கெரித்தது பெருமளவு இந்தச் சரிவுதான்.

மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கி, ஒரு காலத்தில் மிளகு ராணி சென்னபைராதேவி ஆண்ட கெருசொப்பாவை அடைந்தேன். அங்கே 240 மெகாவாட் நிலையத்தில் அதே நீர் மீண்டும் ஒருமுறை வேலை செய்கிறது.

மாலையில் ஹொன்னாவரின் கழிமுகத்தில் படகேறினேன். கோடையில் கடலின் உப்பு ஆற்றுக்குள் நெடுந்தொலைவு ஏறிவருவதுதான் பழைய வழக்கம் என்றும், ஆண்டு முழுவதும் மின்நிலையத்திலிருந்து நன்னீர் இறங்கத் தொடங்கியபின் சிப்பி கிடைப்பது அருகிவிட்டது என்றும் படகோட்டி அரைகுறை இந்தியில் விளக்கினார். மேலே மழைக்கால ஆறு கோடையில் வற்றியிருக்க, கீழே கோடை ஆறு மழைக்காலம்போல் நன்னீராகி நிற்பதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ரயில் பாலத்தை நோக்கிப் படகு திரும்பியபோது ஒரு கை நீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடல் கண்ணுக்கெட்டும் தொலைவில் இருந்தும், உப்பு லேசாகத்தான் கரித்தது.