மைசூருக்கு முன்னால் சீரங்கப்பட்டணத்தில் இறங்குங்கள்

அந்த ஆட்டோக்காரர் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. சீரங்கப்பட்டணத்தில் கோட்டை, திப்புவின் சமாதியான கும்பஸ், தரியா தௌலத் மாளிகை எல்லாம் சேர்த்து ஒரு தொகை பேசித்தான் ஏறினோம். இறங்கும்போது, "வெயிட்டிங் தனிங்க சார்" என்று பாதிக்குப் பாதி கூடக் கேட்டார், அதுவும் நல்ல தமிழில். கொடுத்துத் தொலைத்தோம். நீங்கள் போனால், காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் இந்தக் காசு என்று அவர் வாயால் சொல்ல வைத்துவிட்டு ஏறுங்கள்.

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதை வழியாகப் போனோம். 27 கொண்டை ஊசி வளைவுகள். பாதியில் ஒரு கரும்பு லாரி திரும்ப முடியாமல் நிற்க, எங்கள் பஸ்ஸும் நின்றது. "வாந்தி வர்றவங்க சன்னலோரம் வந்துருங்க" என்று கண்டக்டர் குரல் கொடுத்ததும் பாதி பஸ் இடம் மாறியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரிலிருந்து போகிற எல்லோரும் மைசூர் அரண்மனை, பிருந்தாவனம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கொங்கு நாட்டை ஆண்ட தலைநகரம் மைசூர் இல்லை, சீரங்கப்பட்டணம்! மைசூர் மன்னர் ராஜா உடையார் 1610-ல் அதைப் பிடித்துத் தலைநகரை அங்கே மாற்றினார். 17ஆம் நூற்றாண்டில் சத்தி, ஈரோடு, கோயமுத்தூர் எல்லாம் மைசூர் ஆட்சிக்குள் வந்தன. சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் தீரன் சின்னமலை பறித்ததாகச் சொல்கிறோமே, அந்த வரிப்பணம் போக வேண்டிய இடம் இந்தக் காவிரித் தீவுதான். அங்கே திப்புவின் லால் மகால் அரண்மனை இருந்த இடத்தில் இன்று மிஞ்சியிருப்பது இடிபாடுதான். நம் ஊர்ப் பள்ளிக்கூடச் சுற்றுலாக்கள் இதைத் தாண்டிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

தரியா தௌலத் பிழைத்திருக்கிறது. 1784-ல் கட்டிய கோடைக்கால மாளிகை. வெயில் படாமல் பச்சைத் திரை கட்டியிருக்கிறார்கள். மேற்குச் சுவர் முழுக்க, ஹைதரும் திப்புவும் ஆங்கிலேயரை வென்ற 1780 பொள்ளிலூர்ப் போரின் ஓவியம். காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூர்தான். வெடிமருந்து வண்டி வெடிக்கிறது, பல்லக்கில் காயத்தோடு ஆங்கிலேயத் தளபதி கர்னல் பெய்லி விரலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த விரலை மட்டும் எவ்வளவு நேரம் பார்த்தேனோ!

1799 மே 4-ல் திப்பு வீழ்ந்ததும் ஆங்கிலேயர் சின்னஞ்சிறு பிள்ளையான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை அரியணையில் ஏற்றினார்கள். தலைநகர் மறுபடி மைசூர் ஆனது, கோயமுத்தூர்ப் பக்கம் கம்பெனி கைக்குப் போனது. 1831-ல் நிர்வாகத்தையும் அவர்களே எடுத்துக்கொண்டு அலுவலகங்களைப் பெங்களூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மைசூரில் நாம் பார்க்கிற அரண்மனை 1912-ல்தான் முடிந்தது. பழைய மர அரண்மனை 1897-ல் இளவரசி கல்யாணத்தின்போது தீயில் போய்விட்டது. புதிதைக் கட்டியவர் ஹென்றி இர்வின், சென்னை உயர்நீதிமன்றத்தைக் கட்டி முடித்த அதே ஆள். செலவு 41 லட்சத்துக்கு மேல், அந்தக் காலத்துக் காசில்! கல்யாண மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள்: கண்ணாடிக் கூரை முழுக்க மயில்கள், தாங்குவது கிளாஸ்கோவில் வார்த்த இரும்புத் தூண்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கூட்டம் நிற்க விடாமல் தள்ளிக்கொண்டே போகிறது.

அப்புறம் தோசை. பஞ்சு மாதிரி மெத்தென்று, மேலே வெண்ணெய் உருண்டை உருக, தொட்டுக்கொள்ள சாகு என்கிற காய்கறிக் குருமா. ஆட்டோவில் போன காசு இங்கே வசூலாகிவிட்டது.

ஞாயிறு இரவு அரண்மனையில் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் எரியும். அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திம்பம் இறங்கிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மலைப்பாதையில் ராத்திரிக் கட்டுப்பாடு உண்டு. அறை வாடகையையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள்.