பெதஸ்தா குளத்தருகே ஒரு காலைப்பொழுது

எருசலேமில் சிங்க வாசல் வழியாகப் பழைய நகரத்துக்குள் நுழைந்து கொஞ்சம் நடந்தால் வலப்பக்கம் புனித அன்னாள் ஆலயம், அந்த வளாகத்துக்குள்ளேயே பெதஸ்தா குளம். படித்துறையும் தண்ணீருமாகக் கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். இருப்பதெல்லாம் இடிபாடுகள்தான்: அடியில் பழைய தொட்டி, மேலே பைசாந்திய ஆலயத்தின் மிச்சம், அதற்கும் மேல் சிலுவைப்போர் காலத்துச் சுவர். குளத்துக்கு ஐந்து மண்டபங்கள் என்று யோவான் தன் சுவிசேஷத்தில் எழுதியதை வெறும் உருவகம் என்று சொன்னவர்களும் உண்டு; தோண்டிப் பார்த்தபோது நடுவில் ஒரு சுவருடன் இரட்டைக் குளம் கிடைத்தது, நாலு பக்கமும் நடுவுமாகச் சேர்த்தால் கணக்கு சரியாக வருகிறது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆழத்தைப் பார்த்தபடி யோவான் 5-ம் அதிகாரத்தை வாசித்தோம். தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குகிறவன் குணமாவான் என்று நம்பி நோயாளிகள் காத்துக் கிடந்த இடம் இது. அவர்களில் இயேசு குணமாக்கிய ஒருவன், 38 வருஷம் நோயாளியாக இருந்தவன். பார்வையற்ற பர்திமேயு இயேசுவைக் கூப்பிட்டான், பெரும்பாடுள்ள (ரத்தப்போக்கு நோயுள்ள) ஸ்திரீ அவர் வஸ்திரத்தைத் தொட்டாள், இவனோ ஒன்றும் செய்யவில்லை. "சொஸ்தமாக வேண்டுமென்று விரும்புகிறாயா" என்று கேட்டால்கூட ஆமாம் என்று சொல்லாமல், குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்று குறைதான் சொல்கிறான். குணமான பிறகும் குணமாக்கினவர் யார் என்று அவனுக்குத் தெரியாது! விசுவாசத்தை நாம் கட்டணம் மாதிரி நினைத்துக்கொள்கிறோம், இவ்வளவு கட்டினால் இவ்வளவு கிருபை என்று. இங்கே கிருபை முதலில் வந்து நின்றது, "எழுந்திரு" என்றதும் எழுந்தானே, அவனுடைய விசுவாசம் என்று ஏதாவது இருந்தால் அது அந்த எழுந்ததுதான். எபேசியர் 2:8 விசுவாசத்தைச் சொன்ன கையோடு "இது உங்களால் உண்டானதல்ல" என்று சேர்த்துவிடுவதும் இதனால்தானோ என்னவோ.

ஆனால் என்னை அதிகம் உறுத்தியது அந்த "ஒருவருமில்லை". அத்தனை நோயாளிகள், அவர்களோடு வந்த சொந்தக்காரர்கள், எல்லோரும் தண்ணீர் கலங்குவதையே பார்த்திருக்க, நீ முதலில் இறங்கு என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியது அந்த மண்டபங்களில் இல்லாமல் போயிருந்தது. எங்கள் குழுவில் முழங்கால் வலியோடு வந்த ஒரு அம்மாவை, வேறு குழுவைச் சேர்ந்த ஒரு பையன் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கிவிட்டான். பாஷை தெரியாது, சிரிப்பு மட்டும்தான்.

அப்புறம் அன்னாள் ஆலயத்துக்குள் போய்ப் பாடினோம். 12-ம் நூற்றாண்டுக் கட்டடம், சுமாரான குரலையும் கல் சுவர்கள் தூக்கிக் கொடுத்துவிடுகின்றன, போகிறவர்கள் கட்டாயம் ஒரு பாட்டாவது பாடுங்கள்.

வெளியே வந்தும் பேச்சு அந்த மனிதனைப் பற்றியே ஓடியது. வேலை செய்யக்கூடாத ஓய்வுநாளில் அவன் படுக்கையைச் சுமந்து நடந்தது பிரச்சினையாகி, பிறகு யாரென்று தெரிந்ததும் இயேசுதான் குணமாக்கினார் என்று யூதர்களிடம் போய்ச் சொல்லிவிட்டானே, நன்றிகெட்டவன் என்றார் ஒருவர். சாட்சி சொல்லியிருக்கலாம் இல்லையா என்றார் இன்னொருவர். எதுவாக இருந்தாலும், கொடுத்த கால்களை இயேசு திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.