மைனர் பங்கும் கோர்ட் பர்மிஷனும்

பத்திரம் எழுதுவது என் தொழில். 'மைனர்களுக்காக அவர்களது தாயாரும் கார்டியனுமான' என்று கிரயப் பத்திரம் எழுதச் சொல்லி யார் வந்தாலும் கோர்ட் ஆர்டரைத்தான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் கோபம்தான் வரும். "பெத்த தாய்க்கு எதுக்குங்க பர்மிஷன்?"

போன மாதம் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு அவருடைய கொழுந்தனார் வந்திருந்தார். இறந்துபோன கணவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய மனை, உயில் இல்லை. வாரிசுச் சான்றிதழில் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று நாலு பேர். ஆளுக்குக் கால் பங்கு என்றால் பாதி மனை பிள்ளைகளுடையது. 1956-ஆம் வருட இந்து மைனர், கார்டியன் சட்டத்தின் 8-ஆவது பிரிவுப்படி அந்தப் பாதியைக் கோர்ட் அனுமதி இல்லாமல் அம்மாவே விற்க முடியாது. அடமானம் வைக்கவோ ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோகூட முடியாது.

"பின்னாடி பிள்ளைங்க ஆட்சேபிச்சா அம்மாவே பொறுப்புன்னு ஒரு வரி சேர்த்துடுங்க" என்றார் கொழுந்தனார். அந்த வரியை நான் எழுதுவதில்லை. பதினெட்டு முடிந்து மூன்று வருஷத்துக்குள் பிள்ளை வழக்குப் போட்டுக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அப்போது, மனையை வாங்கியவர் அந்த வரியோடு வந்து நிற்பது அம்மாவின் வாசலில்தான்.

விற்ற பணம் எங்கே போகிறது என்று கேட்டேன். "இவங்க கடையில போடறதா பேச்சு" என்றார் அந்தப் பெண், நிமிராமல். மனு போட்டால் ஜட்ஜும் அதையேதான் கேட்பார்: விற்க என்ன அவசியம், பிள்ளைக்கு என்ன நன்மை? அனுமதி கொடுத்தாலும் பிள்ளைகள் பங்கை அவர்கள் பெயரில் தேசிய வங்கியில் டெபாசிட் செய்யச் சொல்வதுதான் வழக்கம். இந்த அனுமதியை அலைச்சல் என்கிறார்கள். புகுந்த வீட்டு ஆட்களிடம் "கோர்ட்டு சொல்லாம முடியாது" என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு வேறு என்ன துணை இருக்கிறது?

என் ஆதங்கம் வேறு. இந்த 8-ஆவது பிரிவு நிலத்துக்கும் வீட்டுக்கும்தான். இன்சூரன்ஸ் பணம், நகை இதற்கெல்லாம் முன்அனுமதி கிடையாது. கோர்ட் நியமித்த கார்டியனிடமாவது 1890-ஆம் வருடக் கார்டியன்கள், வார்டுகள் சட்டப்படி கணக்குக் கேட்கலாம். பெற்றவர்களிடம் யாரும் தானாக வந்து கேட்பதில்லை. அதனால் வருகிற தாய்மார்களிடம் சொல்லி அனுப்புகிறேன்: பிள்ளை பெயரில் தனிக் கணக்கு தொடங்குங்கள், எடுத்த ஒவ்வொரு தொகைக்கும் ஃபீஸ் ரசீதோ ஆஸ்பத்திரி பில்லோ பத்திரப்படுத்துங்கள், கடனாகக் கேட்கிற சொந்தக்காரர்களிடம் பாஸ்புக்கைக் காட்டாதீர்கள்.